ரெட்டைக் குழந்தைங்களோட அம்மா

இல்லைங்க மேடம், சின்ன வீடெல்லாம் இல்ல. ஐயோ, இருக்கற ஒரு வீட்டுக்கே நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். உக்காருங்க மேடம், எந்திரிக்காதீங்க. நீங்க கேக்கறது நியாயம்தான். தத்து எடுக்கறதுக்குக் கொடுத்த ஃபார்ம்ல குழந்தை இல்லைன்னு போட்டிருக்கேன். வருமானம் எங்கேர்ந்துன்னு தனியா எழுதிக் கொடுத்த வெப்சைட்டைத் திறந்து பாத்தா, ரெட்டைக் குழந்தைங்களோட அம்மான்னு கொட்டை எழுத்துல இருக்கு. யாருக்கா இருந்தாலும் திக்குனுதான் இருக்கும். உங்க இடத்துல நான் இருந்திருந்தா இந்நேரம் ஃபைலை மூடிட்டுக் கிளம்பியிருப்பேன்.

அந்தம்மா யாரா? நான்தான் மேடம்.

ஆமா, இந்த மீசையோடதான்.

சொல்றேன். முதல்லேர்ந்து சொன்னாத்தான் புரியும். கதவைக் கொஞ்சம் சாத்திக்கட்டுமா? என் வீட்டுக்காரி வெளிய படிக்கட்டுல உக்காந்திருக்கா. தனித்தனியாப் பேசணும்னு நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. அவளுக்கு இது தெரியாது. இல்லயில்ல, வெப்சைட் வச்சிருக்கேன்னு தெரியும். ஃபேன் பத்தி எழுதறேன்னு நெனச்சிட்டிருக்கா.

ஃபேன்தான் மேடம், மேல சுத்துதே, அதே ஃபேன். கத்துது, ஆமா. எந்த ஃபேன் வாங்கணும்னு ஊருக்கெல்லாம் சொன்னவன் வீட்டு ஃபேன் இப்படித்தான் கத்தும்.

எனக்குப் பகல்ல கிடங்குல வேலை. சாமான் பெட்டியை அடுக்கணும், இறக்கணும், மறுபடி அடுக்கணும். படிப்பு சாயங்காலக் காலேஜ். வேலை முடிச்சிட்டுப் போய் படிச்சு டிகிரி வாங்கறதுக்குள்ள முன்தலை முடி பாதி போயிடுச்சு. போட்டோவைப் பாத்துட்டு, சர்டிபிகேட்டு யாருதுன்னு கேக்கறாங்க. அங்க கூடப் படிச்சவன் ஒருத்தன், தாடின்னு கூப்பிடுவோம், அவன்தான் இதை ஆரம்பிச்சு வச்சான். நீ எதையும் விக்க வேண்டாம்டா, எது நல்ல சாமான்னு எழுது, பக்கத்துல கடையோட லிங்க்கைப் போடு, படிக்கறவங்க அது வழியாப் போய் வாங்கினா கடைக்காரன் உனக்குக் கமிஷன் தருவான்னான். தரகு வேலையான்னு கேட்டேன். தரகனாவது வெயில்ல நடக்கணும், நீ உக்காந்தே இருக்கலாம்னான். எனக்கு அது பிடிச்சுப்போச்சு.

சரி, ஃபேன்ல ஆரம்பிச்சேன். சிறந்த பத்து ஃபேன்னு ஒரு பட்டியல். நான் அதுல ஒண்ணைக் கூடத் தொட்டதில்ல மேடம். பெட்டியைத் தொட்டிருக்கேன். கிடங்குல தூக்கித் தூக்கி எது கனம், எது லேசுன்னு தோளுக்குத் தெரியும். ஏழாவது ஃபேனுக்கு, நல்ல கனமான ஃபேன்னு எழுதி வச்சேன். கூரைல மாட்டற சாமானுக்கு யாராவது அதைப் போய்ப் பெருமையாச் சொல்வாங்களா? ஒரு நாள் ஒருத்தர் வந்து முழுசாப் படிச்சிருக்கார்னு கணக்கு காட்டுச்சு. சந்தோஷம் தாங்கல, தாடிக்குப் போன் போட்டேன். படிச்சது அவன்தான்.

அப்புறம் மழை வந்துச்சு. மழைல யார் ஃபேன் வாங்குவா? தாடி சொன்னான், ஃபேன்ல பயம் இல்லடா, ஜனங்க பயந்து பயந்து வாங்கற சாமானா எடு, அப்பதான் நாலு பேர் எழுதினதைத் தேடிப் படிச்சிட்டு வாங்குவாங்கன்னு. எதைப் பயந்துட்டு வாங்குவாங்க? குழந்தைக்கு வாங்கறதை. தொட்டில், பால் பாட்டில், தள்ளுவண்டி.

அவன் சுலபமாச் சொல்லிட்டான். நான் வீட்டுக்கு வரணுமே. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சு, போதும்னு அவளே சொல்லி, ஃபைலையெல்லாம் தூக்கிப் பரண்ல போட்ட சமயம் அது. அந்த வீட்டுக்குள்ள நின்னுட்டு, நான் இனிமே தொட்டில் பத்தி எழுதிச் சம்பாதிக்கப் போறேன்னு எந்த வாயால சொல்றது? அதனால சொல்லல. ஃபேன் வேலை எப்படிப் போகுதுன்னு எப்பவாவது கேப்பா. சுத்துதும்பேன்.

டீ எடுத்துக்கோங்க மேடம், ஆறிடப் போகுது.

இந்தத் தொழில்ல எதைப் பத்தி எழுதறோங்கறது பாதிதான் மேடம். எந்த வடிவத்துல எழுதறதுங்கறதுலதான் ஆள் மாட்டிக்குவான். பட்டியலாப் போடறதா, ஒண்ணோட ஒண்ணை ஒப்பிடறதா, வீடியோவா, சொந்த அனுபவமா. ஒவ்வொண்ணாப் பண்ணிப் பாத்தேன். ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு விதமா விழுந்தேன். கட்டம் கட்டி எட்டுத் தொட்டிலை ஒப்பிட்டேன். எல்லாத் தொட்டிலுக்கும் எல்லாக் கட்டத்துலயும் டிக் விழுந்துடுச்சு. கடைக்காரன் தன் சாமானைப் பத்தி எழுதினதைப் பாத்து டிக் அடிச்சா வேற எப்படி விழும்? சரி, வீடியோன்னு இறங்கினேன். கிடங்குக்குத் திரும்பி வந்த தள்ளுவண்டி ஒண்ணைக் கேட்டு வாங்கிட்டுப் போய், தாடி வீட்டு ஹால்ல நின்னு, மடிக்கறது ரொம்ப சுலபம்னு சொல்லிட்டே மடிச்சேன். கட்டைவிரல் உள்ள மாட்டிக்கிச்சு. அவன் கேமராவை நிறுத்தாமச் சிரிச்சிட்டிருக்கான். அதை நெறையப் பேர் பாத்தாங்க மேடம். விரல் இப்ப எப்படி இருக்கு அண்ணே, எங்களுக்கு வண்டி வேண்டாம்னு ஒருத்தங்க கீழ எழுதியிருந்தாங்க.

மிச்சம் இருந்தது சொந்த அனுபவம் ஒண்ணுதான். எனக்கு ஏதுடா அனுபவம்னேன். தள்ளுவண்டிக்கு ஆம்பளை சொன்னா யார்டா நம்புவா, நீ அம்மாவா மாறிடுன்னான். பேசாம மாறிட்டேன்.

ஏன் ரெட்டையா? அதுவும் தொழில்தான் மேடம். ஒரு குழந்தைன்னா ஒரு பாட்டில் பத்தித்தான் எழுத முடியும். ரெட்டைன்னா பெரியவனுக்கு ஒரு கம்பெனி பாட்டில், சின்னவளுக்கு வேற கம்பெனி. இவன் குடிக்கறான், அவ துப்பறான்னு ஒப்பிட்டு எழுதிட்டே போகலாம். ரெண்டு லிங்க் போடலாம். நீங்களும் சிரிக்கறீங்க பாருங்க. தாடியும் இப்படித்தான் சிரிச்சான்.

பிச்சிக்கிச்சு மேடம். எழுதினதெல்லாம் ஓடுச்சு. அதுலயும் ரொம்ப ஓடினது எதுன்னு கேளுங்க. அந்தம்மாவோட வீட்டுக்காரர் ஒத்தாசை பண்ணுவாரான்னு ஒருத்தங்க கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர் ஒரு துரும்பை எடுத்து இங்கேர்ந்து அங்க போட மாட்டார், வாய் மட்டும் வண்டி வண்டியாப் பேசும்னு ஒரு பக்கம் எழுதினேன். அவ்வளவு பேர் படிச்சாங்க. என்னை நானே திட்டினதுதான் மேடம் என் எழுத்துலயே நல்ல எழுத்து. மனசுலேர்ந்து வந்துச்சு.

பொய்தான். இல்லைன்னு சொல்லல. மட்டமான சாமானைத் தெரிஞ்சே நல்லதுன்னு சொன்னதில்ல. தெரியாம எவ்வளவு சொன்னேனோ. ஆனா, அக்கா அக்கான்னு கேள்வி கேக்க ஆரம்பிச்சாங்களே, அதுக்கப்புறம் விளையாட்டா எழுத முடியல. என் தங்கச்சிக்கு ரெண்டு பிள்ளைங்க. மத்தியானம் கிடங்குலேர்ந்து அவளுக்குப் போன் பண்ணி, கைக்குழந்தை பச்சையா வெளிய போனா என்ன அர்த்தம்னு கேட்டேன். நீ வேலைக்குப் போறியா, இல்ல வேற எங்கயாவது போறியாண்ணான்னு கேட்டா.

இந்த நேரத்துலதான் ஒரு பொண்ணு எழுத ஆரம்பிச்சா. பேர் போடல, மாடிவீடுன்னு புனைபேர். மத்தவங்க எல்லாம் எதை வாங்கறதுன்னு கேப்பாங்க. இவ அப்படிக் கேக்கல. அக்கா, நாலு வயசுக் குழந்தை ஒண்ணு புதுசா ஒரு வீட்டுக்கு வந்தா, அதுக்குக் கட்டிலை எங்க போடணும், ரூமை எப்படி வைக்கணும்னு கேட்டா.

சாதாரணமா நான் கட்டிலுக்கு ஒண்ணு, மெத்தைக்கு ஒண்ணு, விளக்குக்கு ஒண்ணுன்னு லிங்க்கைத் தட்டி விட்டுடுவேன். அன்னைக்குக் கை வரல. ஏன்னா இது ஒண்ணு மட்டும் எனக்குத் தெரிஞ்ச விஷயம் மேடம். நான் ஏழு வயசுல பெரியப்பா வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். எங்க அம்மா போனதுக்கப்புறம். பெரியம்மா வாசல்லயே என்னைக் கட்டிப் பிடிச்சு, இவன் இனிமே என் சொந்தப் பிள்ளைன்னு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேக்கற மாதிரி சொன்னாங்க. உள்ள போனா, என் பையைப் பிரிச்சு வைக்க அந்த வீட்ல ஒரு இடம் இல்ல. எல்லா அலமாரியும் ரொம்பி இருக்கு. கெட்டவங்க இல்ல மேடம், யாருக்கும் தோணல, அவ்வளவுதான். அந்தப் பை ரொம்ப நாள் பிரிக்காமலே கட்டிலுக்கு அடிலதான் கெடந்துச்சு. எப்ப வேணா கிளம்பலாம்ங்கற மாதிரி.

அதைத்தான் எழுதினேன். படுத்தா வாசக்கதவு தெரியற மாதிரி கட்டிலைப் போடு. நடைல லைட்டை அணைக்காதே. கீழ் டிராயரைக் காலியா விடு, புதுத்துணி வாங்கி ரொப்பாதே, வர்ற குழந்தை ஏதாவது கொண்டுவரும், அதை அதுவே வச்சுக்கட்டும்னு. அவ்வளவு எழுதியும் ஒரு பைசா வரல. காலி டிராயருக்கு எந்தக் கடைல லிங்க் இருக்கு?

ஆமா மேடம். அந்த டிராயர்தான். கொஞ்ச நேரம் முன்னாடி அந்த ரூம்ல, எல்லாம் அடுக்கி வச்சிட்டு இது மட்டும் ஏன் காலியா இருக்குன்னு கேட்டீங்க. தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க சொன்னாங்கன்னு என் வீட்டுக்காரி சொன்னா. நான் சுவத்தைப் பாத்துட்டு நின்னேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை மேடம், திடீர்னு வந்து, இந்தக் கட்டிலை ஒரு பக்கம் பிடிங்க, வாசக்கதவு தெரியற மாதிரி திருப்பணும்னா. பிடிச்சேன். தூக்கினேன். பாதி தூரம் போனதும்தான் மாடிவீடு இவதான்னு மண்டைல உறைச்சுது. கட்டிலைக் கால்லயே போட்டுக்கிட்டேன். ஒரு கட்டிலைக் கூட ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதான்னு திட்டினா. அன்னைக்கு அந்தம்மாவுக்கு வேற எழுதியிருந்தா, எங்க வீட்டுக்காரரும் உங்க வீட்டுக்காரர் மாதிரிதான் அக்கான்னு.

அந்தம்மாவை இவ எப்படிக் கண்டுபிடிச்சான்னு கேக்கறீங்களா? தேடினா முதல்ல வர்ற மாதிரி பண்ணி வச்சது யாரு? நான்தானே.

அப்பவே சொல்லியிருக்கணும், சரிதான். ஆனா என்கிட்டக் கேக்காததையெல்லாம் அந்தம்மாகிட்டக் கேட்டா மேடம். என்கிட்டக் கேட்டா நான் எங்க உடைஞ்சு போயிடுவேனோன்னு அவளுக்கு பயம். தங்கச்சிகிட்டக் கேட்டா ஊர் பூரா தெரியும். கேக்கறதுக்கு இருந்தது அந்த ஒருத்திதான். அவளும் நானாப் போயிட்டேன். வெப்சைட்டை மூடிட்டா யார்கிட்டக் கேப்பா?

இப்ப எதுக்கு இதெல்லாம் உங்ககிட்டச் சொல்றேன்னா... இல்ல, நீங்க வெப்சைட்டைப் பாத்துட்டீங்கங்கறதுக்காக மட்டும் இல்ல. அதுக்கு வேற ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேன். எனக்குப் பொய் எழுதியே பழக்கம்.

நீங்க அவகிட்டத்தான் முதல்ல பேசினீங்க. அவ வெளிய வந்தப்ப, என்ன கேட்டாங்கன்னேன். நான் நெனச்சதைத்தான் கேட்டாங்க, உண்மையைச் சொல்லிட்டேன்னா. அது என்ன உண்மைன்னு எனக்குத் தெரியும். ஏன்னா போன வாரம் அந்தம்மாவுக்கு எழுதியிருந்தா. அக்கா, ஆபீசர் வர்றாங்க, பெத்துக்காத குழந்தை மேல உங்களுக்குப் பாசம் வருமான்னு கேப்பாங்க. எனக்குத் தெரியலை அக்கா, வரணும்னு ஆசையா இருக்கு, ஆனா தெரியலை, நான் என்ன சொல்லட்டும்னு. பட்டியல் போட்டுப் பாத்தேன், கட்டம் கட்டிப் பாத்தேன். எதுலயும் அடங்கல. கடைசில ஒரே வரிதான் எழுதினேன். தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லிடும்மான்னு.

உங்க பேப்பர்ல அது எந்த இடத்துல போய் உக்காந்திருக்குன்னு எனக்குத் தெரியாது. தத்து கேட்டு வந்த பொம்பளை தெரியலைங்கறாளேன்னு நீங்க நெனச்சிருக்கலாம். அது அவ குறை இல்ல மேடம், நான் சொல்லிக் கொடுத்த பதில். வாசல்லயே சொந்தப் பிள்ளைன்னு சொன்ன வீட்ல நான் வளந்துட்டேன். தெரியலைன்னு சொல்லிட்டு டிராயரைக் காலி பண்ணி வைக்கற வீட்டுக்குப் போகக் குடுத்து வைக்கல. பொய்யன்னு என் பேருக்கு நேரா எழுதுங்க, ஒத்துக்கறேன். அவ பதிலுக்கு மட்டும் குறைச்சுப் போட்டுடாதீங்க.

அவகிட்டச் சொல்லிடறேன் மேடம். சத்தியமாச் சொல்லிடறேன். அந்த டிராயர்ல ஒரு குழந்தை எதையாவது கொண்டாந்து வைக்கற அன்னைக்குச் சொல்லிடறேன். அதுவரைக்கும் அந்த அக்கா...

ஷ். வர்றா.

வாம்மா, வா. முடிஞ்சுது. மேடம்கிட்டச் சும்மா நம்ம வெப்சைட் பத்தித்தான் சொல்லிட்டிருந்தேன். ரொம்பப் பேசிட்டேனா? இல்லையே.

என்ன மேடம்? என்னது, ஃபேனா? ஓ... ஆமா, ஆமா. மேடம் அவங்க வீட்டுக்கு எந்த ஃபேன் வாங்கலாம்னு கேக்கறாங்கம்மா. டீ இன்னொரு தடவை போடேன், இது ஆறிப்போச்சு.

பத்து இருக்கு மேடம். ஏழாவது நல்ல கனம்.