சுவர் எங்கே இருக்கிறது?

அவைக்கு அணியாய் அமர்ந்து, அடுத்தவர் பேச எழுந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார் என்று பிறர் சொல்லி நான் கேள்விப்பட்டிருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, விழாவுக்காக விடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே, முன்வரிசையை நிறைத்து, இந்த மூத்தோர் மன்றத்தின் முதுகெலும்பாய் வீற்றிருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை வளர்த்து, பிள்ளைகளின் பிள்ளைகளையும் வளர்த்து, இன்றைக்காவது சற்று உட்காரலாம் என்று வந்திருக்கும் தாய்மார்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் தம்பி தங்கைகளே, உங்கள் முகம் எனக்குத் தெரியாது, குரல் தெரியும். அந்தக் குரல்கள் அனைத்துக்கும் என் பணிவான வணக்கம்.

பழைய தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். காதை நம்பிப் பிழைத்தேன். கண் பின்னால்தான் கைவிட்டது. கருப்பு எது, வெளுப்பு எது என்பது மட்டும் இன்றைக்கும் தெரியும்.

மன்றத்தின் புதிய குளியலறைகளைத் திறந்து வைக்க வேண்டும், நாடா வெட்ட வேண்டும், அப்படியே தூய்மை பற்றி நாலு நல்ல வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டார்கள். நாலு வார்த்தை என்ன, நாற்பதே பேசுகிறேன். ஆனால் தூய்மை பற்றி அல்ல, சுவர் பற்றி. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சுவரில் முட்டிக்கொள்ளாதவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதையைக் கேளுங்கள். ஒருநாள் குளித்து முடித்துத் திரும்பியவள், திறந்த வெளி என்று நினைத்துக் கதவில் போய் நெற்றியை இடித்துக்கொண்டேன். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தொட்டி, வெள்ளைக் கதவு. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று என் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நெற்றியில் சின்ன வீக்கம், அவ்வளவுதான். ஆனால் என் மகன் என்ன செய்தான் தெரியுமா? சுவரை மாற்றினானா? இல்லை. விளக்கை மாற்றினானா? அதுவும் இல்லை. தாழ்ப்பாளைக் கழற்றினான்.

அன்று முதல் நான் குளிக்கப் போனால் மருமகள் வெளியே காவல். நான் சோப்பைக் கையில் எடுப்பதற்குள் "முடிஞ்சுதா அத்தை?" என்பாள். குளித்துக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து தலையை நீட்டிப் பார்ப்பாள். தங்கமான பெண், அன்பால்தான் செய்தாள். தாய்மார்களே, அந்த அன்பு எனக்கு அவமானமாக இருந்தது. துணியில்லாமல் நிற்கிறவளுக்குக் கதவு சாத்திக்கொள்ளும் உரிமை இல்லையென்றால் வேறு எந்த உரிமை இருந்து என்ன பயன்? சொல்லுங்கள்.

அந்த நேரத்தில்தான் பழைய சுவரில் நீர் கசிந்து ஓடுகள் பெயரத் தொடங்கின. புதிதாய்ப் பதிப்பது என்று முடிவாயிற்று. டைல்ஸ் கடைக்கு நானும் வருவேன் என்று கிளம்பினேன். உனக்கு எதுக்கும்மா அலைச்சல் என்றான் மகன். அலைவது என் கால், உனக்கென்ன என்றேன்.

கடைக்குள் நுழைந்ததும் விற்பனையாளர், பெரியம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கள் என்றார். என்னை உட்கார வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று அவருக்கு நினைப்பு. பிறகு என் தலைக்கு மேலேயே பேச்சு நடந்தது. வெள்ளை பளபளப்புதான் இப்போது எல்லோரும் வாங்குகிறார்கள், அறை பெரிதாய்த் தெரியும், பார்க்கப் பாந்தமாய் இருக்கும் என்று அவர் அடுக்க அடுக்க, மகனும் மருமகளும் தலையாட்டியிருக்க வேண்டும். எதிர்ப்பேச்சே கேட்கவில்லை.

நான் எழுந்தேன். அடுக்கி வைத்திருந்த ஓடுகளை ஒவ்வொன்றாய்த் தடவினேன். வழுக்கியது, வழுக்கியது, எல்லாமே வழுக்கியது. கடைசியில் ஒரு மூலையில் சொரசொரப்பாய், குறுக்கே வரிவரியாய் ஒன்று கையில் பட்டது. முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். கருப்பாகத் தெரிந்தது. கரும்பச்சை என்றார்கள். இதுதான் வேண்டும் என்றேன்.

அப்போது என் மகன், நான் பெற்ற மகன், கேட்டான்.

"அம்மா, உனக்கு எந்தக் கலரா இருந்தா என்னம்மா?"

பாவம், குத்திக்காட்ட வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் கையிலிருந்த ஓட்டை நான் கீழே வைக்கவில்லை. கண் போனவளுக்கு நிறம் எதற்கு என்றுதானே உலகம் நினைக்கிறது? மருமகள் மெல்ல, இருண்ட நிறம் வைத்தால் அறை சின்னதாகத் தெரியுமே அத்தை என்று இழுத்தாள். சொன்னேன்:

"சின்னதாத் தெரியட்டும். உங்களுக்கு அது பெருசாத் தெரியணும். எனக்கு அது எங்க முடியுதுன்னு தெரியணும். அங்க குளிக்கப் போறது யாரு?"

சுவர் முழுதுக்கும் அதே கரும்பச்சையில் வரியில்லாத ஓடும், நடுவில் ஒரு வரிசைக்கு அந்த வரியோடும் வாங்கினோம்.

கொத்தனார் வந்தார். நடுவில் வரும் வரியோட்டு வரிசையைத் தம் வழக்கமான உயரத்தில் பதிக்கப் போனார். பொறுங்கள் என்றேன். வெறும் சுவரோரம் நின்று, கையைத் தன்போக்கில் விட்டேன். கை எங்கே போய் நின்றதோ அங்கே பென்சிலால் கோடு போடச் சொன்னேன். வீட்டுச் சுவரில் அன்றுவரை எத்தனையோ கோடு போட்டிருப்பார்கள். என் கையைக் கேட்டுப் போட்ட கோடு அது ஒன்றுதான்.

வேலை முடிந்து சுவர் காய்ந்ததும் உள்ளே போனேன். வெள்ளைத் தொட்டி பளிச்சென்று தெரிந்தது. கதவு தனியாய்த் தெரிந்தது. வரியைப் பிடித்தபடி ஒரு சுற்று வந்து வெளியே நின்றேன். மகன் திருப்புளியை எடுத்து வந்து தாழ்ப்பாளைத் தானே மறுபடி மாட்டினான். அன்றைக்குக் குளித்து முடிக்க எனக்கு மனமே வரவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

சரி, இந்தக் கதை இங்கே எதற்கு?

சற்று முன் தலைவர் என் கையைப் பிடித்துப் புதிய குளியலறைக்குள் அழைத்துப் போனார். "எப்படி இருக்கு, பாருங்கம்மா" என்றார். பார்த்தேன். பாலில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. தரை வெள்ளை, சுவர் வெள்ளை, பிடிமானக் கம்பி வெள்ளை, கதவு வெள்ளை. சுவர் என்று நினைத்துக் கதவில் சாய்ந்தேன். கதவு திறந்துகொண்டது. வெளியே நின்ற செயலாளர் மேல் போய் மோதினேன். அவர் மேலும் தப்பில்லை, அவரும் வெள்ளைச் சட்டைதான்.

முன்வரிசையில் யாரோ, வெள்ளைதானே சுத்தம் என்கிறார்கள். ஐயா, என்னைச் சுத்தமாக வைத்துக்கொள்ள எனக்குத் தெரியும். சுவர் எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. இது யாருக்கான குளியலறை? பார்வை மங்கியவர்களுக்கு, கை நடுங்குகிறவர்களுக்கு, கால் தடுமாறுகிறவர்களுக்கு. அவர்களில் ஒருவரைக் கடைக்கு அழைத்துப் போனீர்களா? ஒருவர் கையில் ஓர் ஓட்டைக் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னீர்களா? ஒருவரைக் கேட்டீர்களா? கேட்கவில்லை. எங்களுக்காகச் செய்தீர்கள், எங்களைக் கேட்காமல் செய்தீர்கள்.

ஆகவே இந்த நாடாவை நான் வெட்ட மாட்டேன். கத்தரிக்கோலை இதோ மேசையில் வைக்கிறேன். சுவரைச் சுற்றிக் கையெட்டும் உயரத்தில் ஒரே ஒரு வரிசை, கருப்பாய், சொரசொரப்பாய், உள்ளே குளிக்கப் போகிறவர்கள் தொட்டுத் தேர்ந்தெடுத்த ஓடு பதியுங்கள். கம்பிக்கும் கதவுக்கும் வேறு நிறம் கொடுங்கள். பிறகு கூப்பிடுங்கள், நடந்தே வருகிறேன்.

கண் தெரியாத ஒருத்தியின் பிடிவாதம் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். உங்களை ஒன்று கேட்கிறேன். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் தாழ்ப்பாள் போடாமல் குளிக்கிறவர்கள் இங்கே எத்தனை பேர்? கையைத் தூக்காதீர்கள், எனக்குத் தெரியாது. எழுந்து நில்லுங்கள். நாற்காலி நகரும் சத்தம் எனக்குக் கேட்கும்.

வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதோ, ஒன்று. தாய்மார்கள் பக்கம் இன்னொன்று. முன்வரிசையில், வெள்ளைதானே சுத்தம் என்று குரல் வந்த இடத்திலிருந்தும் ஒன்று. நன்றி ஐயா. இப்போது எண்ண முடியாத அளவுக்குக் கேட்கிறது.

மேடையிலும் ஒரு சத்தம். உருளை வைத்த நாற்காலி இங்கே ஒருவருக்குத்தான் போட்டிருக்கிறார்கள். தலைவர் அவர்களே, உங்களை உட்காரச் சொல்ல மாட்டேன்.

கேட்ட காதுகளுக்கு நன்றி. நின்றுகொண்டிருக்கும் அத்தனை பேருக்கும் என் வணக்கம்.