பூச்சில்லாத பெட்டி

நடுவட்டத்துக் குளிரில் டீ சீக்கிரம் ஆறிவிடும், இன்ஸ்பெக்டர் ஐயா. குடித்துக்கொண்டே கேளுங்கள்.

நான் கீர்த்திவாசன், கோயம்புத்தூர்க்காரன். டீ எஸ்டேட்டில் கொழுந்து வெட்டும் மிஷினுக்கு, முதுகில் மாட்டிக்கொள்ளும் பேட்டரிப் பெட்டி செய்கிறேன். பெட்டி கனக்காமல் இருக்க உள்ளே லித்தியம் உலோகத் தகடு வேண்டும். அது சண்டி மாடு. சார்ஜ் ஏற ஏற அதில் லித்தியம் முடி முடியாய் முளைக்கும். நடுவிலுள்ள சவ்வைக் குத்திக்கொண்டு மறுபக்கம் தொட்டால் தீதான். முளைக்கவிடாமல் அடக்குவது, தகட்டின்மேல் நான் பூசும் பூச்சு. வீடு வாசலை மறந்து கண்டுபிடித்தது.

பூச்சு நல்லது என்று காட்ட, பூசாத ஒன்றும் கூடவே ஓட வேண்டும். விஞ்ஞானத்தில் அது பாலபாடம். மேஜைமேல் வைத்து ஓட்டியிருக்கலாமே என்பீர்கள். மேஜை சரிவில் ஏறாது, குனியாது. ஆகவே மற்றவர்களுக்குப் பூசிய பெட்டிகளைக் கொடுத்து, ஒன்றை மட்டும் பூசாமல் அடைத்து, இங்கே கொழுந்து வெட்டும் பேச்சியம்மாவிடம் கொடுத்தேன். நன்றாக யோசித்துத்தான். வயதானவர், மகனும் தலையெடுத்துவிட்டான், எதற்கும் முகம் சுளிக்கமாட்டார்.

சில நாளில் அவரே வந்து சொன்னார்.

"சார், எம்பெட்டி மட்டும் வெதுவெதுன்னு இருக்குங்க."

முளைத்துவிட்டது என்று தெரிந்தது. அப்போதே வாங்கி வைத்திருக்கலாம். ஆனால் அளவுகள் அவ்வளவு அழகாக வந்துகொண்டிருந்தன.

"குளிருக்கு எதமா இருக்குதுல்லங்க, போட்டுக்குங்க" என்றேன்.

மறுநாள் மூடுபனி. அவருடைய மருமகள் சுஜாதா, லீவு கிடைக்காமல் காய்ச்சலோடு நடுங்கிக்கொண்டு வந்திருந்தாள். பேச்சியம்மா தன் பெட்டியைக் கழற்றி அவள் முதுகில் மாட்டினார். "போட்டுக்க தாயி, சூடா இருக்கும்."

நான் ரோட்டிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆள் மாறினால் அளவு கெட்டுப்போகுமே என்றுதான் தோன்றியது. கொஞ்ச நேரத்தில் பனிக்குள் வெள்ளையாய் ஒரு வெளிச்சம். பெல்ட்டைக் கழற்ற அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்தக் கதறல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. படுத்தால் முதுகு வெதுவெதுவென்கிறது. பாயை உதறிவிட்டு வெறும் சிமெண்டுத் தரையில் படுக்கிறேன்.

பேச்சியம்மா தினமும் என் வாசலில் வந்து நிற்கிறார். "எங்கையால மாட்டிவிட்டு நானே கொன்னுட்டேனே சார்" என்று தலையில் அடித்துக்கொள்கிறார். பூச்சைப் பற்றி அவரிடம் நான் பேசியதில்லை; சொன்னால் என்ன புரியப்போகிறது? உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "விடுங்கம்மா, தெரியாம செஞ்சதுதானுங்க" என்று சமாதானம் சொல்லி அனுப்புவேன்.

அவர்மேல் எனக்குத் துளிகூடக் கோபமில்லை, ஐயா. மன்னித்துவிட்டேன்.