ஒரு பைட் கூட வளரவில்லை

அவைக்கு அச்சாணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, அனுபவத்தால் எங்களை ஆளாக்கிய பெரியோர்களே, பிள்ளை என்ன வேலை பார்க்கிறது என்று இன்றுவரை பிடிபடாமலேயே பெருமைப்படும் தாய்மார்களே, டயாலிசிஸ் பிரிவிலிருந்து வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் சிஸ்டர்களே, தோழர்களே, வணக்கம்!

எங்கள் நூலகத்தின் புதிய பதிப்பு இன்று வெளிவருகிறது. நூலகம் என்றதும் அலமாரியைத் தேடாதீர்கள்! பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு அது. ஒரு நிரலுக்குள் பல வேலைகள் இழை இழையாய் ஒரே நேரத்தில் ஓடும். அவை முட்டி மோதாமல் காப்பது எங்கள் பூட்டு.

வீட்டில் ஆறு பேர், குளியலறை ஒன்று. என்ன நடக்கும்? சிரிக்கிறீர்கள்! எல்லார் வீட்டிலும் அதே கூத்துதானா? ஒருவர் உள்ளே போவார். இன்னொருவர், "வெளியே வந்ததும் எழுப்பு" என்று சொல்லிவிட்டுத் தூங்குவார். எங்கள் பழைய பூட்டிலோ, காத்திருந்தவரை எழுப்பப் போட்ட குரலைப் பின்னால் வந்தவர் தட்டிக்கொண்டு போய்விடுவார். பாவம், முன்னால் வந்தவர் தூங்கிக்கொண்டே இருப்பார்.

அந்தத் தூக்கம் எங்கே போய் முடிந்தது தெரியுமா? டயாலிசிஸ் பிரிவில்! எங்கள் பூட்டை நம்பி எல்லா இயந்திரங்களையும் கவனிக்கும் நிரல், அபாய மணி அடிக்க வேண்டிய வேளையில் உறைந்து நின்றது. நேரில் போய்ப் பார்த்தேன்.

"மணி அடிக்கலன்னா நான் கட்டில் கட்டிலா ஓடணும் மேடம். இதச் சரி பண்ணலன்னா பிரிவையே மூடிடுவோம்னு நிர்வாகத்துல சொல்லிட்டாங்க" என்றார் அங்கே பொறுப்பிலிருந்த பெரிய சிஸ்டர்.

பக்கத்துக் கட்டிலில் கையில் ஏற்றிய டயாலிசிஸ் ஊசியோடு படுத்திருந்த தையல்காரர் சொன்னார்: "அடுத்த ஆஸ்பத்திரி ரொம்ப தூரம்மா. போயிட்டு வந்தா தையல் மெஷின்ல உக்கார உடம்புல தெம்பிருக்காது."

அலுவலகம் திரும்பினேன். எங்கள் குழுவில் ஒரு பெண் இருக்கிறாள். விரல் வேகத்தைப் பார்த்து மின்னல் என்று அழைக்கிறோம். வரிசை மாறாமல் எழுப்புவதற்காகப் பூட்டுக்குள் ஒரு சின்ன எண்ணைச் சேர்த்தாள். எல்லாச் சோதனையிலும் வெற்றி! மிட்டாய் கொடுத்தோம்! மார் தட்டினோம்! மருத்துவமனையின் சோதனைக் கணினியில் போட்டோம். அந்த நிரல் எழுந்த வேகத்தில் விழுந்தது!

ஏன் விழுந்தது? மருத்துவமனையின் பழைய நிரல் தனக்குள் பூட்டுக்கென நாற்பத்தெட்டு பைட் இடத்தை அளந்து ஒதுக்கியிருந்தது. எங்கள் புதுப் பூட்டு அதைவிடப் பெரியது. பக்கத்து இடத்தை மிதித்து நாசமாக்கியது. சோதனைகளில் ஏன் தெரியவில்லை? சோதனை நிரல்களை எல்லாம் புது அளவுக்கே புதிதாகக் கட்டியிருந்தோம். நாங்களே கேள்வி எழுதி, நாங்களே விடை எழுதி, நாங்களே நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டோம்!

"அந்த நிரலையும் புது அளவுக்கு மறுபடி கம்பைல் பண்ணிக் கட்டச் சொல்லிடலாம் அக்கா" என்றாள் மின்னல்.

"எத வச்சுப் பண்ணுவாங்க? எழுதின கம்பெனியே இழுத்து மூடியாச்சு. அவங்க எழுதி வச்ச மூல நிரல் யார்கிட்டயும் இல்லடி!" என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போனது. ஆனால் துவண்டாளா? இல்லை! பூட்டின் ஒவ்வொரு பிட்டையும் தட்டிப் பார்த்தாள். தேவைக்கு மேல் இடம் பிடித்திருந்த எண்களைச் சுருக்கினாள். முன்னால் வந்தவர்கள் ஒரு குழு, பின்னால் வந்தவர்கள் ஒரு குழு; முன்குழுவின் குரல் முன்குழுவுக்கே! அத்தனையும் அதே நாற்பத்தெட்டுக்குள்! குணம் மாறியது, அளவு மாறவில்லை! கோளாறு போனது, கூடு மாறவில்லை! ஒரு பைட் கூட வளரவில்லை! தட்டுங்கள் கைகளை, அவளுக்காகத் தட்டுங்கள்!

இம்முறை பழைய நிரல்களை, கட்டியது கட்டியபடியே, ஓட்டிப் பார்த்தோம். பிறகு மருத்துவமனைக்குப் போனோம். நோயாளி யாரும் இணைக்கப்படாத இயந்திரங்களில், அபாய மணி அடிக்கிறதா என்று பார்க்க, பெரிய சிஸ்டர் எல்லாக் குழாய்களையும் ஒன்றாக அழுத்தச் சொன்னார்.

அடித்தது மணி! காதைக் கிழிக்கும் அந்தச் சத்தம்! திரும்பத் திரும்பச் செய்தோம். ஒருமுறையும் உறையவில்லை. பெரிய சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தையல்காரரைப் பார்த்து, "அண்ணே, பிரிவ மூடல. வர்ற வாரமும் நீங்க இங்கதான்" என்றார்.

தன் முறைக்காக வாசலில் நின்ற அவர் உள்ளே வந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "சிஸ்டர், அந்தச் சத்தத்த இன்னொரு தடவ போடுங்களேன்."

தோழர்களே, இதைவிட ஒரு விருது எங்களுக்கு வேண்டுமா? பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நெஞ்சு நிறைந்த நன்றி கூறி, மேடையை மின்னலுக்கு விட்டு அமர்கிறேன். வணக்கம்!