ஏழாம் நம்பர் மலைக் கல்லு

— நீ அட்டனுக்கு வந்து எறங்குனதே அம்மாவுக்குத் தெரியாது, தம்பி. விடிஞ்சதுலேருந்து ஏழாம் நம்பர் தேயில மலையில நிக்குது. ஒரு கையில கொட, ஒரு கையில வெளக்கு.

— இந்த மழையிலயா? அதான் புதுக்கோயில் கட்டியாச்சே, ஜீவாக்கா. அங்க ஏத்தலாமே.

— செய்யுறதையும் செஞ்சுபுட்டு கேள்வி வேற கேக்குறியா? "முனியாண்டிக் கல்லு சாமியில்ல, வெள்ளக்காரத் தொர நட்ட எல்லைக்கல்லு"ன்னு புஸ்தகம் போட்டது யாரு?

— அத மட்டுமாக்கா எழுதுனேன்? தொர எல்லைக்கு நட்டான். நம்ம சனங்க கும்புட்டுக் கும்புட்டு அதச் சாமியாக்குனாங்க. அதுதான் நம்ம பெருமைன்னு எழுதியிருக்கேன். பன்னெண்டு வருச ஒழைப்பு.

— கோயில் கமிட்டிக்காரங்க பெருமையப் படிக்கல. "நம்ம புரொபசர் கணேசமூர்த்தியே சொல்லிட்டாரு"ன்னு பெக்கோ மெசினக் கொண்டாந்து கல்லப் பேத்துட்டாங்க. மண்ணையும் அள்ளிப் பள்ளத்துல கொட்டிட்டாங்க. இப்ப அம்மா எடந்தெரியாம காலால சேத்தத் தடவுது.

— ஐயோ... நான் கமிட்டித் தலைவருகிட்ட பேசுறேன்க்கா. அதே மாதிரி ஒரு கல்லு நட்டுருவோம்.

— போடா, போக்கத்தவனே!

— திட்டு. நல்லாத் திட்டு. அம்மாவுக்கு முனின்னா உசுருன்னு எனக்குத் தெரியாதா?

— என்னாத்தத் தெரியும் ஒனக்கு? தோட்டத்துல லயம் லயமா, வீடு வீடாப் போயி ரெக்கோடர நீட்டுன. அம்மா மூணு தடவ தேத்தண்ணியோட ஒம் பக்கத்துல வந்து ஒக்காந்துச்சே. ஒரு வார்த்த கேட்டியா?

— வீட்டு ஆளுங்க சொல்றத ஆராய்ச்சியில சேக்க மாட்டோம்க்கா. பாசத்துல கூடக்கொறையச் சொல்லிருவாங்கன்னு...

— "அந்தக் கல்ல மட்டும் எழுதாதய்யா"ன்னு கெஞ்சுச்சு. நீ சிரிச்ச.

— சிரிச்சேன்தான். பாவி நான். ஏன் எழுதக்கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?

— எப்புடிச் சொல்லும்? பொழச்ச புள்ள காதுல வுழுந்தா செத்தது வந்து கூட்டிக்கிட்டுப் போயிருமாம். நாப்பத்தாறு வருசமா அந்தப் பயத்துல வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்கு. எனக்கும் சத்தியம் வாங்கியிருக்கு.

— எந்தப் புள்ளக்கா?

— அம்மா ஒருநாளும் முனியக் கும்புடல, தம்பி. ஒங்கூட ரெட்டையாப் பொறந்தவன அப்பா அந்தக் கல்லுக்கு அடியிலதான் பொதைச்சாரு.