கடிகாரத்துக்குக் கீழே ஒருத்தர்

இப்ப எந்திரிக்காதீங்க சார். நான் சொல்லும்போது எந்திரிச்சா போதும். ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கணும், ஒடனே உக்காந்துடலாம். உங்களப் பாத்து பக்கத்துல இருக்கற அம்மா எந்திரிப்பாங்க, அவங்களப் பாத்து அடுத்தவரு. அப்படியே அலை மாதிரி மைதானத்தையே ஒரு சுத்து சுத்தி வரும்.

எதுக்கா? எதுக்குன்னு கேட்டா யாராலயும் எந்திரிக்கவே முடியாது சார்.

ஆட்டமா? யாரு ஜெயிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது. என் தொப்பி ஒரு கட்சி, துண்டு இன்னொரு கட்சி. அதான் ரெண்டு பக்கமும் மொறைக்கறாங்க. மொறைக்கட்டும். அலை வந்தா அவங்களும் எந்திரிச்சுதான் ஆகணும். மாமியாரும் மருமகளும்கூட இங்க ஒண்ணா எந்திரிப்பாங்க. வெளியில இது நடக்காது, நான் பாத்துட்டேன். ஒரு தடவை பல் டாக்டர்கிட்ட காத்துக்கிட்டிருந்தப்ப சும்மா எந்திரிச்சு கையத் தூக்கினேன். பக்கத்துல இருந்தவரு தன் முறை வந்துடுச்சுன்னு நெனச்சு உள்ள போயிட்டாரு. அவரு பொண்டாட்டிக்குத் துணையா வந்த மனுஷன். ஒரு பல்லப் புடுங்கித்தான் அனுப்புனாங்க.

இங்க மத்தவங்க எந்திரிச்சாலும் ஒண்ணுதான், எந்திரிக்காட்டியும் ஒண்ணுதான். அதோ, எதுத்தாப்புல பெரிய கடிகாரம் இருக்கே, அதுக்கு நேர் கீழ, முதல் வரிசையில, தூண் ஓரமா ஒரு சீட்டு. அதுல இருக்கறவரு எந்திரிக்கணும். அதுக்குத்தான் இவ்வளவும்.

எங்கண்ணன். ஒரே வீடுதான். பேச்சு கிடையாது. மரியாதை இருக்கு, பேச்சுதான் இல்ல.

வீட்டைப் பிரிச்சப்ப சமையல்கட்டு நடுவுல சுவரு வந்துடுச்சு. குழாய் அவரு பக்கம், சாக்கடை என் பக்கம். சுவத்துக்கு அடியில ஒரு ஓட்டை. அவரு பாத்திரம் கழுவற தண்ணி அது வழியா என் வீட்டுக்கு வந்துதான் தெருவுக்குப் போகணும். கொத்தனாரு சொன்னாரு, குழாயும் சாக்கடையும் ஒரே ஆளுகிட்ட இருந்தாத்தான் நல்லதுன்னு. எந்த ஆளுகிட்டன்னு கேட்டோம். அதுல வேற ஒரு சண்டை.

நீரடிச்சு நீர் விலகாதுன்னு சொல்லுவாங்க. சுவரு கட்டியும் தண்ணி வந்துக்கிட்டுதான் இருந்துச்சு. காலையில காப்பித்தூள் வந்தா அண்ணன் எந்திரிச்சாச்சு. முட்டை ஓடு வந்தா ஒடம்பு நல்லாருக்கு. நொரை நெறைய வந்தா கோவமா இருக்காரு.

அவரும் இங்க வர்றாருன்னு தெரிஞ்சது தற்செயலாத்தான். ஒரு நாள் நான் அலையக் கிளப்பிவிட்டுட்டு பைனாகுலர்ல பாக்கறேன், கடிகாரத்துக்குக் கீழ எங்கண்ணன் கையத் தூக்கிக்கிட்டு நிக்கறாரு. பொறந்ததுலேருந்து நான் சொல்லி அவரு எந்திரிச்சதே இல்ல சார். அடுத்த ஆட்டத்துல அலை அந்தப் பக்கத்துலேருந்து கெளம்புச்சு. நானும் எந்திரிச்சேன். அண்ணன் சொல்லத் தட்டலாமா?

இந்தாங்க பைனாகுலர், இன்னிக்கு நீங்க பாருங்க. என் கண்ணுல தூசி. காத்து இல்லதான். இருந்தாலும் தூசி.

இந்த வாரம் பூரா சாக்கடை காஞ்சு கெடக்கு சார். தூளும் இல்ல, நொரையும் இல்ல. கதவைத் தட்டலாம்தான். தட்டி, அவரு பதில் பேசலைன்னு வைங்க. கோவத்துல பேசலையா, இல்ல வேற ஏதாவதான்னு வெளிய நிக்கறவனுக்கு எப்படித் தெரியும்? இங்கன்னா சுலபம். எந்திரிச்சா இருக்காரு.

ம், ஆச்சு. எந்திரிங்க. கைய, கைய. போயிடுச்சு பாருங்க. கொடிக்காரங்களத் தாண்டிடுச்சா? வளைவு திரும்பிடுச்சா? இப்ப கடிகாரம். சொல்லுங்க சார்.

எந்திரிக்கலையா.

சீட்டு காலியா சார்? இல்லையா? ஆளு உக்காந்திருக்காரா? உக்காந்து என்ன பண்றாரு? கண்ணுல என்ன வச்சிருக்காரு? பைனாகுலரா?

என்னையா பாக்கறாரு?

சரி சார். சரி. அவ்வளவுதான். தூசிதான், போயிடும்.

சாக்கடையில அடைப்பா? என் பக்கம் அடைப்பு எப்படி வரும், தெனம் கூட்டித் தள்ளறவன் நான். போன வாரம் எலி ஒண்ணு தலைய நீட்டுச்சுன்னு அந்தச் சுவத்து ஓட்டையில பழைய போர்வைய நானே நல்லா அழுத்தித் திணிச்சு…

சார், அலை சுத்திக்கிட்டு நம்ம பக்கம் வருது, எந்திரிங்க. நல்லா ஒசரமாத் தூக்குங்க, அவரு பாத்துக்கிட்டிருக்காரு. உக்காந்ததும் பைனாகுலர்ல ஒண்ணே ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. எங்கண்ணன் பேண்ட்டை முழங்கால் வரைக்கும் மடிச்சு விட்டிருக்காரா?