இரண்டு ஊர் வசவையும் வாங்கி மூன்று இடத்தில் பஸ்ஸை நிறுத்தியவருக்கு

விழுப்புரம் ஸ்ரீ தையல்நாயகி பஸ் சர்வீஸில் டிக்கெட் பரிசோதகராகப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் ஓமந்தூர் திரு. தாண்டவராயன் அவர்களுக்கு, உடன் உழைத்த தோழர்கள் உள்ளம் உவந்து வாசித்தளிக்கும் மடல்

கடமையில் கறாரும் கண்களில் கனிவும் கலந்த எங்கள் கண்ணியச் செம்மலே! சீட்டு வாங்காத சீமானையும் சிரித்த முகம் மாறாமல் சாலையோரம் இறக்கிவிடும் சீலரே! சட்டைப் பொத்தான் முதல் சக்கரத்துக் காற்று வரை சலிக்காமல் சோதித்து, எங்களை மட்டும் நன்றாகச் சலிக்க வைத்த சான்றோரே! தங்களுக்கு எங்கள் தலை தாழ்ந்த வணக்கம்.

பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்தில், கரிவாயுவில் இருமிக்கொண்டே ஓடிய வண்டியில் நடத்துநராக ஏறியவர் தாங்கள். அன்று முகத்தில் படிந்த கரி போய்விட்டது. அன்று பழகிய பொறுமை போகவில்லை. தங்கள் விசில் சத்தம் கேட்டால் இறக்கத்தில் போகும் வண்டியும் நிற்கும் என்பது எங்கள் ஓட்டுநர்களின் நம்பிக்கை. தங்களிடம் திட்டு வாங்காதவர் இந்தப் பந்தலில் யாரும் இல்லை. மேடையில் வீற்றிருக்கும் முதலாளி அரங்கநாதன் அவர்களும் அதற்கு விலக்கல்ல என்பதை அவர் முகத்தைப் பார்க்காமலே வாசிக்கிறோம்.

ஐயா! சமுதாயத்தில் அமைதி நிலவ வேண்டும் என்று இக்காலத்தில் மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். அது எப்படி நிலவும் என்று ஒருவரும் சொல்லக் காணோம். எங்களுக்கு அதைக் காட்டியது ஒரு பஸ் ஸ்டாப்பிங்தான்.

ஐம்பத்தாறாம் ஆண்டில் திண்டிவனத்துக்கு உள்ரோடு வழியாக நம் வண்டி புதிதாக ஓடத் தொடங்கியது. அந்த வழியில் மேல்சாத்தம்பாடி, கீழ்சாத்தம்பாடி என்று ஒரு மைல் தள்ளி இரண்டு ஊர்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு ஸ்டாப்பிங்தான் என்று சொல்லிவிட்டார் முதலாளி. மேல் ஊரில் நிறுத்தினால் கீழ் ஊரார் கட்டை வண்டியைச் சாலையின் குறுக்கே விட்டார்கள். கீழ் ஊரில் நிறுத்தினால் மேல் ஊரார் கல்லை விட்டார்கள். அதில் ஒரு கல் ஓட்டுநர் வேங்கடேசனின் நெற்றியைப் பதம் பார்த்தது. தழும்பைப் பற்றிக் கேட்டால் சிறுத்தை பிறாண்டியது என்று அவர் இன்றும் கூசாமல் சொல்லுவார்.

இந்த வழியே வேண்டாம் என்று முதலாளி முடிவெடுத்த நேரத்தில், நான் போய்ப் பார்த்து வருகிறேன் என்று கிளம்பினீர்கள். இரண்டு ஊரிலும் கேப்பைக் களி தின்றீர்கள். நியாயம் யார் பக்கம் என்று ஒருவரையும் கேட்கவில்லை. எங்கே போகிறீர்கள், தலையில் என்ன சுமை என்று மட்டும் கேட்டீர்கள். எல்லாம் கேட்டு முடித்து, இரண்டுக்கும் சரிபாதி தூரத்தில் ஒரு கம்பத்தை நட்டு, இதுதான் ஸ்டாப்பிங் என்றீர்கள்.

அடடா, அப்போது பார்க்க வேண்டுமே! இரண்டு ஊராரும் மூன்று மாதம் அரை மைல் நடந்தார்கள், நடந்தபடியே தங்களைத் திட்டினார்கள். பிறகு ஒருநாள் ஒரே வில்வண்டியில் ஏறி நம் ஷெட்டுக்கே வந்து திட்டினார்கள். மேல் ஊர் நாட்டாண்மை விருத்தாசலம், "இன்னா மனுசன்யா நீ? மல்லாட்டை மூட்டையைத் தூக்கிக்கினு அம்மாந்தூரம் எவன் நடப்பான்?" என்று பாய்ந்தார். கீழ் ஊர் சீனுவாசன், "அண்ணன் சொல்றது நெசம். பேஜாரா பூட்ச்சிங்க" என்று ஒத்து ஊதினார். பதறி ஓடிவந்த எங்கள் காதில் தாங்கள் மெல்லச் சொன்னீர்கள்: "திட்டட்டும் வுடுங்கப்பா. ரெண்டு பேரும் ஒண்ணா குந்திக்கினு திட்றாங்க பாரு. அவன் இவனை அண்ணன்றான்!" சமாதானம் செய்ய நடுவில் நிற்பவன் இரண்டு பக்கத்து வசவுக்கும் முதுகைக் கொடுக்க வேண்டும் என்பதை அன்று கற்றோம்.

ஊருக்கு ஒன்றாக இரண்டு ஸ்டாப்பிங், நடுக்கம்பம் வேண்டாம் என்று இருவரும் கூடிப் பேசி வந்திருந்தார்கள். சண்டை தீர்ந்தால் போதும் என்று முதலாளியும் தலையாட்டினார். எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் அந்த நடுக்கம்பம் நின்றது சேரிக்கு எதிரில். கம்பம் நடும்போது சேரி மக்களை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டது தங்கள் பிழை. தாங்களே பல முறை சொல்லி வருந்தியதால் இங்கே எழுதத் துணிந்தோம். அந்த மூன்று மாதமாக, குப்பம்மாளின் மகள் கிருஷ்ணவேணி அங்கேதான் பஸ் ஏறித் திண்டிவனத்துப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஊர் ஸ்டாப்பிங்கில் சேரிப் பிள்ளையை நிற்க விடமாட்டார்கள். கம்பம் போனால் அவள் படிப்பும் போகும்.

மறுநாள் குப்பம்மாள் வண்டியை மறித்தார். சத்தம் போடவில்லை. "ஊருங்க ரெண்டும் ஒண்ணா பூட்ச்சிங்க, நல்லதுதான் சாமி. எம் பொண்ணு நாளைக்கி எங்க நிக்கும்?" என்று மட்டும் கேட்டார். தாங்கள் உடனே வண்டியை விட்டு இறங்கினீர்கள். "இங்கியேதாம்மா நிக்கும்" என்றீர்கள். எங்களுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முதலாளியை நினைத்துக் கொஞ்சம் நடுங்கவும் செய்தது.

அன்று மாலையே இரண்டு ஊராரையும் அந்தக் கம்பத்தடிக்கு வரவழைத்தீர்கள். "அவங்க எப்பவும் நடக்கறவங்கதானே?" என்று ஒருவர் கேட்டார். "நீங்க மூணு மாசம் நடந்தீங்களே, எப்பிடி இருந்துதுங்க?" என்று திருப்பிக் கேட்டீர்கள். பின்னாலிருந்து நாட்டாண்மையின் மனைவி லட்சுமியம்மாள்தான் பேசினார்: "முட்டி வுட்டுப்போச்சு. அந்த அவஸ்தை அவங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு? நிக்கட்டும் பஸ்ஸு, இங்கியும்." நாட்டாண்மை மனைவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், சரி என்றார்.

ஒரு மைலுக்குள் மூன்று ஸ்டாப்பிங்கா, நேரம் என்ன ஆவது என்று முதலாளி சீறினார். அதற்குத் தாங்கள் சொன்ன வழியை எங்களால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. திண்டிவனத்தில் நாங்கள் டீ குடிக்கும் நேரத்தை வெட்டினீர்கள்! அமைதி வேண்டுமென்றால் யாராவது எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். சாத்தம்பாடி அமைதிக்கு எங்கள் டீ போனது. மிச்சமிருந்த நேரத்தில் சுடச்சுட விழுங்கி வாய் வெந்தாலும் மனம் குளிர்ந்தது என்பதை இன்று சபையறிய ஒப்புக்கொள்கிறோம். கிருஷ்ணவேணி ஆசிரியப் பயிற்சி முடித்து இந்த ஆண்டு கண்டமங்கலம் பக்கம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

அன்பின் அரணே! ஒருவர் வாயை அடைத்து ஊரை அமைதியாக்குவது எளிது. எல்லோர் வாயையும் திறக்கவிட்டு, கடைசியாக வந்தவர் கேள்விக்கும் பதில் சொல்லி அமைதி காண்பது அரிது. அந்த அரிய காரியத்தைக் காக்கிச் சட்டையும் விசிலுமாக நின்று செய்த தங்களைப் பிரிய எங்களுக்கு மனமில்லை.

இன்று மாலை வேங்கடேசன் ஓட்டும் வண்டியில் தங்களை ஓமந்தூருக்கு அனுப்பி வைக்கிறோம். போகும் வழியில் சாத்தம்பாடியில் தங்கள் கழுத்தில் விழும் முதல் மாலை எந்த ஊருடையது என்று மறுபடியும் தகராறு வருமோ எனப் பயந்து, நேற்று நாங்களே போய் விசாரித்தோம். விருத்தாசலம் சிரித்தார். "தகராறு இன்னாத்துக்குங்க? ரெண்டு ஊரும் நடுக்கம்பத்தாண்ட நடந்து வந்துர்றோம். மொத மாலை குப்பம்மா போடும். அப்பறந்தான் நாங்க" என்றார்.

நோய் நொடி அண்டாமல், நூறு பிராயம் நிறைந்து, தங்கள் துணைவியார் அம்சா அம்மையாரோடும் மக்களோடும் தாங்கள் மகிழ்ந்து வாழ வேண்டும். இனியாவது டீயை நிதானமாகக் குடிக்க வேண்டும்.

குப்பம்மாள் குள்ளம். அங்கே வண்டி நின்றதும் இறங்கி, தலையை நன்றாகக் குனிந்து அந்த மாலையை வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா.

என்றும் தங்கள் விசிலுக்குக் கட்டுப்பட்ட,
ஓட்டுநர்கள், நடத்துநர்கள், ஷெட் தொழிலாளர்கள்
ஸ்ரீ தையல்நாயகி பஸ் சர்வீஸ், விழுப்புரம்
1964

(அனைவர் சார்பிலும் எழுதியவர்: நடத்துநர் கோட்டக்குப்பம் அப்துல் வஹாப்)