ஒரு நாளைக்கு ஒரே தடவைதான்

விடியற்காலை நாலேகால் மணி. ஆண்டாப் ஹில்லிலிருந்து கிங்ஸ் சர்க்கிள் போகிற ரோடு. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை... ஒரு நாய்கூட இல்லை. அந்த ரோட்டில் ஒருத்தன் தனியாக நடந்து போகிறான். கையில் ஒரு வாளி. வாளிக்குள் துடைப்பமும் ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடரும்.

குடத்தைத் தள்ளி வை, அஃப்ஷா. இப்படிக் கிட்ட வந்து உட்கார். குழாயில் தண்ணீர் வர நாலரை ஆகும். அதுவரை கொசுக்கடியில் சும்மா இருக்க முடியவில்லை, பேய்க் கதை சொல்லுங்கள் என்று கேட்டது நீதான். பாதியில் பயந்து எழுந்து ஓடினால் உன் குடத்தை வரிசையிலிருந்து நானே எடுத்து வெளியே வைப்பேன். பேகம் அக்கா, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சுடுகாடு, வெள்ளைச் சேலை எல்லாம் வரும் என்று பார்க்காதீர்கள். இது ஒரு தண்ணீர் மோட்டாரின் கதை. என் சிநேகிதி ஒருத்தியின் தம்பிக்கு நடந்தது. சொரிமுத்து என்று பெயர். மாட்டுங்காவில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் பம்ப்வாலா. தரைக்கு அடியில் இருக்கிற தொட்டித் தண்ணீரை மோட்டார் போட்டு மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிற வேலை. தினமும் ஐந்து மணிக்கு ஸ்விட்சைப் போட வேண்டும். ஒன்பது வருஷம் போட்டான். ஒரு நாள் தவறியதில்லை.

அந்தக் கட்டடத்துக்குச் செக்ரட்டரி பத்ரிநாராயணன் என்று ஒருத்தர். மனுஷன் மறந்து போவான், மிஷின் மறக்காது என்று அவருக்கு ஒரு நினைப்பு. மோட்டாரைத் தானாக ஓட வைக்க ஆள் தேடினார். சொரிமுத்து போய், "எங்க ஊர்க்கார அண்ணன் ஒருத்தர் இருக்காரு சார், கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரரு" என்று சொல்லிக் கணேசபாண்டியனைக் கூட்டி வந்தான். தன் கையாலேயே கூட்டி வந்தான். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கணேசபாண்டியன் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி கொண்டுவந்து மாட்டினான். சுவரில் இருந்த பெரிய ஸ்விட்சைக் கழற்றி ஒரு மூலையில் போட்டான். "இனி நீ சுவிட்சத் தொடவே வேண்டாம்ல. எல்லாம் இது பாத்துக்கிடும்" என்றான்.

அந்தப் பெட்டிக்குள் லினக்ஸ் என்று ஒன்று ஓடுகிறதாம். அதற்குள் கிரான் என்று ஒரு வேலைக்காரன். சொன்ன நேரத்துக்குச் சொன்ன வேலையைச் செய்வான். தூங்க மாட்டான்... ஏன் என்று கேட்க மாட்டான். அவனுக்கு நேரம் சொல்ல ஐந்து கட்டம் உண்டு. நிமிஷம், மணி, தேதி, மாசம், கிழமை. கட்டத்தில் எண் எழுதினால் அந்த நேரத்தில் மட்டும். எண்ணுக்குப் பதில் நட்சத்திரம் போட்டால், 'எல்லாமும்' என்று அர்த்தம். தினமும் ஐந்து மணிக்கு ஒரு தடவை ஓட வேண்டுமா? நிமிஷத்தில் பூஜ்யம், மணியில் ஐந்து, மிச்சம் மூன்றிலும் நட்சத்திரம். இவ்வளவுதான் கணக்கு. எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கே புரிகிறது.

கெட்டிக்காரன் கணேசபாண்டியன் நிமிஷத்திலும் நட்சத்திரம் போட்டுவிட்டான். வீட்டுக்குப் போகிற அவசரம். ஐந்து மணியிலிருந்து ஆறு மணிவரை எல்லா நிமிஷமும் மோட்டார் கிளம்பும். அறுபது தடவை.

மறுநாள்தான் சொரிமுத்து வாளியோடு நடந்து போனது. தொட்டி கழுவுகிற நாள். முந்தின ராத்திரியே தண்ணீரை வடித்து வைத்திருந்தான். ஆறு மணிக்குக் கார்ப்பரேஷன் தண்ணீர் வருவதற்குள் கழுவிவிட வேண்டும். ஐந்து மணிக்குப் பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். மோட்டார் 'ம்ம்ம்' என்று உறுமியது. தொட்டியில் தண்ணீர் இல்லாததால் இரண்டு நொடியில் தானாக நின்றது. சொரிமுத்து விவரமானவன். அப்படியே இறங்கவில்லை. போன் போட்டான்.

"அண்ணே, மோட்டார் ஓடி நின்னுட்டு. இன்னிக்கி இனி ஓடாதுல்லா? எறங்கட்டுமா?"

தூக்கக் கலக்கத்தில் அந்தப் பாவி சொன்னான்: "ஓடாதுல. ஒரு நாளைக்கு ஒரே தடவதான். நீ எறங்கு."

இறங்கினான். ஏணியில் ஏழு படி. கடைசிப் படி தாண்டி, மூலையில் தேங்கிக் கிடந்த ஈரத்தில் வெறுங்காலை வைத்தான்... மணி ஐந்து ஒன்று.

டிக்.

அந்த மோட்டாரில் கரண்ட் கசிவு உண்டு; ஓடினால் தொட்டி ஈரத்தில் ஷாக் அடிக்கும். முன்பெல்லாம் பெரிய ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் இறங்குவான். அணைக்க இப்போது ஸ்விட்ச் எங்கே இருக்கிறது? பால்காரர் வந்து பார்த்தபோது மணி ஆறு. அதுவரைக்கும் மிச்சம் ஐம்பத்தெட்டு தடவையும், கீழே அவன் கிடக்கக் கிடக்க, அந்தப் பெட்டி டிக் டிக் என்று தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

செக்ரட்டரி போன் போட்டுச் சொன்னதும் கணேசபாண்டியன் ஓடி வந்திருப்பான் என்றுதானே நினைப்பீர்கள்? வரவில்லை. வீட்டிலேயே லேப்டாப்பைத் திறந்து, அங்கிருந்தே அந்தப் பெட்டிக்குள் போனான். நட்சத்திரத்தைப் பார்த்தான். அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டான். எந்தெந்த நேரம் ஓடியது என்று பெட்டி எழுதி வைத்திருந்த பதிவையும் துடைத்தான். அப்புறம்தான் வந்தான். வந்து, எல்லாருக்கும் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். போலீஸ் கேட்டபோது, பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை, சோதனைக்கு வைத்திருக்கிற பொத்தானை அவனே அழுத்திவிட்டு மறந்து இறங்கியிருக்கிறான், ராத்திரி குடித்திருப்பான் போல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

குடித்திருந்தானாம்! நாசமாய்ப் போவான். என் தம்பி சாராயக் கடைத் தெருவழியாகக்கூடப் போக மாட்டான்...

என்ன எல்லாரும் இப்படிப் பார்க்கிறீர்கள்? ஆமாம். சிநேகிதியின் தம்பி இல்லை, என் தம்பிதான். இந்த மாதிரிக் கதையை எல்லாரும் யாரோ ஒருத்தருக்கு நடந்தது என்றுதானே ஆரம்பிக்கிறார்கள்? நானும் அப்படியே ஆரம்பித்தேன். அழாதே அஃப்ஷா. நானே அழவில்லை. இனிமேல்தான் கதை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பதினேழாம் நாள், விடியற்காலை ஐந்து மணி. அந்தக் கட்டடத்து மோட்டார் கிளம்பியது. நின்றது. ஐந்து ஒன்றுக்கு மறுபடி. ஐந்து இரண்டுக்கு மறுபடி. ஆறு மணிவரை. ஏழு மாடிக் குழாயிலும் தண்ணீரோடு ஒரு வாடை... பிளீச்சிங் பவுடரும் கருகின மயிரும் கலந்த வாடை. பத்ரிநாராயணன் போனில் கத்தினார்: "என்னய்யா பண்ணி வச்சிருக்கே? கார்த்தாலேர்ந்து மோட்டார் பிராணனை வாங்கறது!"

கணேசபாண்டியன் வந்து பெட்டியைத் திறந்தான். நேரப் பட்டியலைப் பார்த்தான். பூஜ்யம், ஐந்து. சரியாக இருந்தது. வேறு யார் பெயரிலாவது இன்னொரு பட்டியல் இருக்கிறதா என்று தேடினான். இல்லை. கிரானையே நிறுத்திப் போட்டான். மறுநாளும் ஓடியது. கடைசியில் அவன் துடைத்து வைத்த அந்தப் பதிவைத் திறந்தான். அறுபது வரி இருந்தது. அறுபதிலும் வேலை கொடுத்த ஆளின் பெயர் இருந்தது. சொரிமுத்து.

என் தம்பி கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. அந்தப் பெட்டியில் அவன் பெயரில் கணக்கே கிடையாது. பெயருக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு வார்த்தை. கிரானே எழுதுகிற வார்த்தைதானாம் அது. அனாதை என்று அர்த்தம். வேலை இருக்கிறது, வேலைக்குச் சொந்தக்காரன் இந்த மிஷினில் இல்லை என்றால் அப்படி எழுதுமாம்.

அனாதை! அக்காக்காரி நான் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கிறேன். என் தம்பி எப்படி அனாதையாவான்?

பயந்து போய் வயரைப் பிடுங்கி, பெட்டியைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான் கணேசபாண்டியன். கட்டடத்தில் பழைய ஸ்விட்சையே மாட்டினார்கள். அங்கே மோட்டார் அடங்கியது. மறுநாள் ஐந்து மணிக்கு அவன் வீட்டில் போன் அடித்தது. சொரிமுத்துவின் நம்பர். எடுத்தான். தண்ணீர் சொட்டுகிற சத்தம்... அப்புறம் குரல்.

"அண்ணே, இன்னிக்கி இனி ஓடாதுல்லா? எறங்கட்டுமா?"

பரண்மேல் கிடந்த பெட்டிக்குள் 'டிக்'. வயர் இல்லை, கரண்ட் இல்லை. தரைக்கு அடியிலிருந்து 'ம்ம்ம்' என்று உறுமல். வீடு முழுக்க அதே கருகின வாடை. போன் அணைந்தது. ஐந்து ஒன்றுக்கு மறுபடி அடித்தது. அதே குரல், அதே கேள்வி. எறங்காதே என்று கத்தினால் விட்டுவிடுமென்று நினைத்துக் கத்தினான். டிக். ஐந்து இரண்டு. மறுபடி கத்தினான். ஆறு மணிவரை அறுபது தடவை கத்தினான். சிம்மை மாற்றினான். போனை மாஹிம் ஓடையில் எறிந்தான். போனே இல்லாத வீட்டில், ஐந்து மணிக்குச் சுவருக்குள்ளிருந்து மணி அடித்தது.

என் தம்பி பேசிய அந்த போன் என்னிடம் இருக்கிறது. பட்டன் போன். தொட்டி விளிம்பில் கிடந்ததை எடுத்து வந்தேன். கடைசியாகப் போன கால், கணேசண்ணன், ஐந்து மணி, இருபது நொடி. அன்றைக்கே பேட்டரியைக் கழற்றித் தூரப் போட்டுவிட்டேன்.

ஒரு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தான். காலில் விழுந்தான். ஒன்றையும் மறைக்கவில்லை. எனக்குப் புரியட்டும் என்று ஒரு தாளில் ஐந்து கட்டம் போட்டு, எந்த இடத்தில் தப்புப் பண்ணினேன் என்று நட்சத்திரம் வரைந்து காட்டினான். "மாடத்திக்கா, அவங்கிட்டச் சொல்லி என்னைய விடச் சொல்லுங்க" என்று கெஞ்சினான்.

"எங்கிட்ட எதுக்குல சொல்லுத? ஸ்டேஷன்ல போய்ச் சொல்லு. எந்தம்பி குடிக்கல்ல, தப்பு என்னோடதுன்னு எழுதிக் குடு. அவன் போயிருவான்" என்றேன். சரி என்றான். இரண்டு தடவை ஸ்டேஷன் வாசல்வரை போனான். இரண்டு தடவையும் பக்கத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டான். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். உள்ளே போனால் மானம் போய்விடுமாம். செத்தவனுக்கு மானம் கிடையாதா?

அஃப்ஷா, போன வாரம் நீ இங்கே குடிவந்த மறுநாளே என்னிடம் ஒன்று கேட்டாய். எதிர் மாடி அறையில் ஒருத்தர் தினமும் காலையில் யாரையோ எறங்காதே, எறங்காதே என்று திட்டுகிறாரே, படியில் பிள்ளைகள் இறங்குகிறதா என்று. அது கணேசபாண்டியன் அறை. அங்கே பிள்ளை ஏது? பெண்டாட்டி பிள்ளைகளை எப்போதோ ஊருக்கு அனுப்பிவிட்டான். ஆண்டாப் ஹில்லில் நல்ல வீட்டை விட்டுவிட்டு இந்தத் தாராவிச் சந்துக்கு ஏன் வந்தீர்கள் என்று பேகம் அக்கா கேட்டதற்கும் அதுதான் பதில். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் வந்தேன். தினமும் ஐந்து மணிக்குக் குழாயடியில் உட்கார்ந்து அறுபதையும் எண்ணுவேன். எண்ணி முடித்தால்தான் எனக்குக் காப்பி இறங்கும்.

ஆனால் மனுஷன் எதற்கும் பழகிப் போவான் போலிருக்கிறது. நேற்றுக் காலையில் பார்த்தேன். ஆறு மணிக்குக் கத்தி முடித்தான். ஏழு மணிக்குக் குளித்து, திருநீறு பூசி, சிரித்த முகமாகக் கீழே இறங்கி வந்தான். ஒரு மணி நேரந்தானே, மற்ற இருபத்துமூன்று மணி நேரமும் நம்முடையது என்று பழகிவிட்டான். எதிரில் நின்ற என்னைப் பார்த்து, "சாப்டாச்சாக்கா?" என்று கேட்டான்.

சாப்டாச்சா!

இப்போது இங்கே கிளம்பி வருகிறபோதுதான் என் தம்பி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினேன். கணேசபாண்டியன் எழுதிக் கொடுத்த அந்தத் தாளை எடுத்து வைத்தேன். நிமிஷம் நட்சத்திரம். தேதி நட்சத்திரம். மாசம் நட்சத்திரம். கிழமை நட்சத்திரம். மணிக் கட்டத்தில் மட்டும்தான் எண் இருந்தது, ஐந்து. பேனாவை எடுத்து அந்த ஐந்தை அடித்துவிட்டு... பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன்.

பேசாமல் இருங்கள். இடுப்பில் செருகியிருக்கிற போன் சூடாகிறது. தொட்டுப் பார், அஃப்ஷா. பேட்டரி இல்லாத போன்தான், பயப்படாதே.

கேட்கிறதா?

"எறங்காதல! எறங்காத!"

உன் போனில் மணி என்ன? நாலு பத்தா? ஐந்தாக இன்னும் நேரம் இருக்கிறது, இல்லையா? குடத்தை எடுக்காதே, தண்ணீர் இன்னும் வரவில்லை. ஒரு நிமிஷம் பொறு...

"எறங்காத... ஏல, எறங்காத!"

நாலு பதினொன்று.